மணியின் குரைப்புக் கணக்கு

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு நோட்டீஸ் அனுப்பித்தான் பழக்கம். வாங்கிப் பழக்கமில்லை. அதனால்தான் 2024 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேன் ஒரு கவரை நீட்டியபோது, ஏதோ பராமரிப்புக் கட்டண ரசீது என்று நினைத்து ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டேன். ராத்திரி தங்கமணிதான் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம மணி மேல புகார் வந்திருக்கு" என்றார்.

லக்னோ, கோமதி நகர். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. நோட்டீஸின் சாரம் இதுதான்: உங்கள் நாய் பகல் முழுக்கக் குரைக்கிறது, குடியிருப்பவர்களுக்குத் தொல்லை, முப்பது நாளில் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் நாயை அப்புறப்படுத்துங்கள்.

மணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வெளேரென்று, கூர் மூக்கும் சுருட்டிய வாலுமாக, பார்க்கிறவர்கள் எல்லோரும் 'பொமரேனியன்' என்று சொல்லும் ஜாதி. உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹை கோன்' படத்தில் டஃபி என்று ஒரு நாய் வருமே, அதே ரகம். ஊரில் நாய் என்றால் மணி என்றுதானே பெயர் வைப்போம், அப்படித்தான் வைத்தோம். இங்கே எல்லோர் காதிலும் அது 'மனி' என்று விழுந்துவிட்டது. பேங்க் மேனேஜர் நாய்க்குப் பணம் என்றா பேர் வைப்பார் என்று நாலு வருடமாகச் சிரிக்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு தங்கமணி இருக்கும்போது இன்னொரு மணி தேவையா என்று நண்பர்கள் கேட்டதும் உண்டு :-)

2020 பிப்ரவரியில், ஐம்பது நாள் குட்டியாக வந்தான். அடுத்த மாதமே ஊரடங்கு. அப்புறம் ரெண்டு வருடம் வீட்டில் எப்போதும் யாராவது இருந்தோம். பாப்பாவுக்கு ஆன்லைன் வகுப்பு, தங்கமணிக்கும் (பள்ளி ஆசிரியை) வீட்டிலிருந்தே பாடம். லாப்டாப்புக்குக் கீழே பாப்பாவின் காலை தலையணையாக வைத்துக்கொண்டே வளர்ந்தான். வீடு காலியாக இருக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது. 2023 ஆகஸ்டில் பாப்பா கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். தங்கமணி காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பினால் திரும்ப ரெண்டேகால். நான் ஒன்பதேகாலுக்குக் கிளம்புவேன். இடையில் ஐந்து மணி நேரம் மணி தனி. இதெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

நோட்டீஸைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். அடுத்து வந்தது சட்டம். ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து தேடினேன். இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குடியிருப்போர் சங்கம், பெரும்பான்மை தீர்மானம் போட்டால்கூட, வளர்ப்புப் பிராணியைத் தடை செய்ய முடியாது. குரைப்பதை அதற்குக் காரணமாகக் காட்டவும் முடியாது. ஆஹா! பிரின்ட் எடுத்து மஞ்சள் மை தீட்டி ஃபைல் போட்டாயிற்று. செக்ரட்டரியின் முகத்தில் எப்படி வீசுவது என்று ஒத்திகை கூடப் பார்த்தேன்.

கூடவே 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தையும் ஒரு கெத்துக்காகப் புரட்டினேன். பதினோராவது பிரிவில், எவையெல்லாம் கொடுமை என்று பட்டியல் போடும் இடத்தில் ஒரு வரி. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் அல்லது அடைத்தே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் அலட்சியம் செய்யும் உரிமையாளரும் குற்றவாளிதான். அந்த வரியை மஞ்சள் மையால் தீட்டவில்லை. பேசாமல் லாப்டாப்பை மூடிவிட்டேன். அப்போதெல்லாம் மணிக்கு எங்கள் 'வாக்கிங்', காலையில் பத்து நிமிடம் கீழே போய் ஒன்றுக்குப் போய்விட்டு மேலே வருவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டினார் கீழ் வீட்டுப் பெரியவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று ஃபைலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் நோட்டீஸைப் பற்றிப் பேசவே இல்லை. பிப்ரவரியில் அவர் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருந்தது எங்களுக்கும் தெரியும். ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டும் வந்தோம். "ராத்திரி வலியில் தூங்க மாட்டேங்கிறாள் சார். மதியம் பன்னிரண்டுக்கு மேல் ரெண்டு மணி நேரம்தான் கண் அசருகிறாள். அந்த நேரத்துக்கு மட்டும் ஏதாவது செய்ய முடியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஃபைலை அப்புறம் நான் திறக்கவே இல்லை.

*

அதற்குமுன் நாங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தோம் என்று நினைக்காதீர்கள். எல்லாம் செய்தோம். எல்லாமே தப்பாகச் செய்தோம்.

குரைத்தால் நான் "டேய்ய்!" என்று கத்துவேன். தங்கமணி "ஷ்ஷ்ஷ்" என்பார். வேலைக்கு வரும் தீதி "சுப்!" என்பார். வீடியோ காலில் இருக்கும் பாப்பா "மணி, நோ!" என்பாள். ஒரே குற்றத்துக்கு நாலு மொழியில் நாலு தீர்ப்பு. பாப்பாதான் ஒரு நாள் சொன்னாள், "அப்பா, நீங்க கத்துறது அவனுக்குத் திட்டுற மாதிரி தெரியாது. நீங்களும் சேர்ந்து குரைக்கறீங்கன்னுதான் நினைச்சுப்பான்." யோசித்துப் பார்த்தால் நியாயம். அவன் குரைக்க ஆரம்பித்ததும் நான் எழுந்து ஓடி வருகிறேன், அவனைவிடச் சத்தமாகக் குரைக்கிறேன். கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் அவன் இன்னும் நாலு போடு போடுகிறான்.

அடுத்து பிஸ்கட். மேலதிகாரியோடு போனில் பேசும்போது குரைத்தால் அவசரத்துக்கு ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் போடுவேன். உடனே அமைதி. இதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், வங்கிக்காரனாக அது எனக்குப் பெரிய அவமானம்.

நண்பர் ஒருவர் யோசனைப்படி ஷாக் அடிக்கும் காலர் ஒன்றும் வரவழைத்தேன். குரைத்தால் தானாகக் கழுத்தில் சுரீரென்று இழுக்கும். மணிக்கு மாட்டும் முன்னால் என் முன்கையில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். பார்த்தவுடன் டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். வாயைக் கட்டி வைக்கும் மூடியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். லக்னோவின் மே மாதத்தில் அதன் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு ஆபீஸ் போவது என்பது குரைப்பை மட்டுமல்ல, நாயையே நிறுத்திவிடும்.

கடைசியில் நாய் டாக்டரிடம் போனோம். முதலில் காது, பல், வயிறு எல்லாம் பார்த்தார். வலி இருந்தாலும் குரைக்குமாம். ஒன்றுமில்லை என்று ஆனதும், "எதற்காகக் குரைக்கிறான்?" என்று கேட்டார். "எல்லாவற்றுக்கும்" என்றேன். "எல்லாவற்றுக்கும் என்று ஒரு காரணம் கிடையாது. ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

எழுதிக்கொண்டு வருவது! அது நமக்குக் கை வந்த கலை அல்லவா. பழைய நோட்டு ஒன்றில் ஸ்கேலால் கோடு போட்டேன். தேதி, நேரம், எதைப் பார்த்து, எவ்வளவு நேரம், நாங்கள் என்ன செய்தோம். நாங்கள் இல்லாத நேரத்துக்கு, பழைய மொபைலை ஃபிரிட்ஜ் மேல் வைத்துக் குரலைப் பதிவு செய்தோம். பி.காம். படித்தது இதற்காவது உதவியதே.

ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. மணியிடம் இருந்தது ஒரு குரைப்பு இல்லை, நாலு. நாலும் நாலு தனிக் கணக்கு. ஒன்றுக்கு எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதினால் டேலி ஆகாது.

முதல் கணக்கு: காலிங் பெல்

பெல் அடித்தால் வாசலுக்கு ஓடிப் பாய்ந்து பாய்ந்து குரைப்பது. நம் வீட்டுப் பெல் ஓசையையே மொபைலில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாததுமாக மிக மெதுவாக ஒலிக்க விட்டோம். ஒலித்த அதே நொடி, குரைக்கும் முன்னால், பட்டாணி அளவு பனீர். ஒரு வேளைக்கு எட்டு பத்து தடவை, அவ்வளவுதான். ரெண்டு நாளைக்கு ஒரு முறை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினோம். குரைத்துவிட்டால் நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், ஒரு படி இறங்க வேண்டும். மூன்று வாரத்தில் பெல் அடித்தால் வாசலைப் பார்க்காமல் என் கையைப் பார்க்க ஆரம்பித்தான். அப்புறம் சோபா பக்கத்தில் ஒரு பாய் போட்டு, பெல் அடித்தால் பாய்க்குப் போனால்தான் பனீர் என்று மாற்றினோம்.

பள்ளிக்கூடத்தில் படித்த பாவ்லோவ்தான். அவருக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது என்னவோ செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்கு. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது எச்சில் ஊறிய நாயைத்தான்.

ரெண்டாம் கணக்கு: பால்கனி

தெருநாய், பசுமாடு, காய்கறி வண்டிக்காரர், எதிர் வீட்டுப் பூனை. பார்க்கிறான், குரைக்கிறான், அவர்கள் போய்விடுகிறார்கள். காய்கறிக்காரர் எப்படியும் அடுத்த தெருவுக்குப் போகத்தான் போகிறார். ஆனால் மணியின் ஏட்டில் 'நான் விரட்டினேன், ஓடிவிட்டான்' என்று வெற்றி பதிவாகிறது. ஒரு நாளைக்கு இருபது வெற்றி கண்டவனிடம் குரைக்காதே என்றால் எப்படிக் கேட்பான்?

இதற்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. பால்கனிக் கண்ணாடிக் கதவில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மங்கலான ஸ்டிக்கர் ஒட்டினோம். வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. பால்கனிக் கம்பியில் மூங்கில் தட்டி. பாதிக் குரைப்பு அன்றைக்கே நின்றது. மீதிக்குத்தான் வாக்கிங்.

காலை ஐந்தரைக்கு எழுந்து முக்கால் மணி நேரம். (வெயில் ஏறினால் தார் ரோடு சுடும். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயைக் கூட்டிப் போகக் கூடாது.) முதலில் நான் இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். அது தப்பு. நாய்க்கு வாக்கிங் என்பது நடை இல்லை, மூக்கு. ஒவ்வொரு கம்பத்தையும் ஆற அமர மோந்து பார்ப்பது அதற்கு, நமக்குக் காலைப் பேப்பர் மாதிரி. படிக்க விட்டோம். வீட்டுக்கு வந்ததும் சோர்ந்து படுத்துவிடுவான். எனக்கும் இதில் நாலு கிலோ குறைந்தது வேறு விஷயம்.

மூன்றாம் கணக்கு: வசூல்

இதுதான் என் அவமானம். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரே சீராக வவ், வவ், வவ். போனில் பேசினால் வவ். பிஸ்கட் போட்டால் அமைதி.

வங்கியில் 'எவர்கிரீனிங்' என்று ஒரு பாவம் உண்டு. கடனைக் கட்ட முடியாதவருக்குப் புதிதாக ஒரு கடன் கொடுத்து, அதிலிருந்து பழைய கடனைக் கட்டியதாகக் கணக்குக் காட்டுவது. ஏடு சுத்தமாக இருக்கும். அந்த நாள் நிம்மதியாகப் போகும். உள்ளே கடன் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். பிஸ்கட் போட்டு நான் செய்தது அச்சு அசல் அதுதான். அன்றைய குரைப்பை வாங்கி மூடினேன், நாளைய குரைப்புக்கு முன்பணம் கொடுத்தேன்.

சரி, இனி கொடுப்பதில்லை என்று முடிவு. குரைத்தால் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, திட்டுவதும் இல்லை. வாயை மூடி மூன்று விநாடி ஆனால் உடனே கவனிப்பு. முதல் நாள் பத்து நிமிடம் குரைத்தான். மூன்றாம் நாள் பதினெட்டு. கூடுகிறதே! பழக்கம் அணைவதற்கு முன்னால் ஒரு முறை ஓங்கி எரியும், அதைத் தாண்டிவிட்டால் இறங்கும் என்று டாக்டர் எச்சரித்துத்தான் இருந்தார். நாலாம் நாள் இருபத்திரண்டாவது நிமிடத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. அரைச் சப்பாத்தியைக் கிள்ளிப் போட்டுவிட்டேன். தங்கமணி நிமிர்ந்து பார்த்து, "இப்ப அவனுக்கு என்ன கத்துக் குடுத்தீங்க தெரியுமா? இருபத்திரண்டு நிமிஷம் குரைச்சா கிடைக்கும்னு" என்றார். ஆசிரியை சும்மாவா.

எப்போதாவது கொடுப்பது, எப்போதுமே கொடுப்பதைவிட மோசம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டியது இதுதான். எத்தனையாவது தடவை பரிசு விழும் என்று தெரியாவிட்டால் பிராணி முயற்சியை விடவே விடாது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் விடுகிறாரா? திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். பன்னிரண்டு நாள் ஆனது.

ஒரு எச்சரிக்கை. கண்டுகொள்ளாமல் இருப்பது இந்த ஒரு கணக்குக்குத்தான் பொருந்தும். பயந்து குரைக்கிற நாயையும், தனிமையில் குரைக்கிற நாயையும் கண்டுகொள்ளாமல் விட்டால் பயம்தான் கூடும்.

இந்தச் சமயத்தில்தான் நாலு மொழித் தீர்ப்பையும் ஒன்றாக்கினோம். 'போதும்.' ரெண்டு குரைப்பு வரை அனுமதி, அப்புறம் சாதாரணக் குரலில் 'போதும்', மூக்கருகே பனீர், வாய் மூடினால் அவனுக்கு. மூன்று விநாடி, ஐந்து, பத்து என்று நீட்டினோம். தீதியும் 'போதும்' கற்றுக்கொண்டார். இப்போது எங்கள் மாடியில் ஹிந்திக்காரக் குழந்தைகள் விளையாட்டில் சண்டை போட்டால் 'போதும், போதும்' என்றுதான் கத்துகிறார்கள். லக்னோவில் தமிழ் வளர்த்த பெருமை எங்கள் மணியையே சாரும் :-)

(தீனியைப் பற்றி ஒரு வரி. அன்றைய சாப்பாட்டிலிருந்தே கழித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாய் பீப்பாய் ஆகிவிடும். சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ், வெங்காயம் நாய்க்கு விஷம்.)

நாலாம் கணக்கு: தனிமை

ஃபிரிட்ஜ் மேல் வைத்த மொபைலில் பதிவானதை நானும் தங்கமணியும் ஒரு ராத்திரி உட்கார்ந்து கேட்டோம். என் லிஃப்ட் கதவு மூடும் சத்தம். ரெண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சின்னதாக ஒரு முனகல். பிறகு குரைப்பு, நாற்பது நிமிடம், நடுவே கதவைப் பிறாண்டும் சத்தம். அமைதி. பதினொன்றுக்கு மேல் மறுபடி. ஒன்று ஐம்பதுக்குத் தெருவில் ஒரு வேன் ஹாரன். உடனே இவன் குரைக்கவில்லை. ஊளையிட்டான். நீளமாக.

தங்கமணி நிறுத்தச் சொன்னார். பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இறங்கும் வேன் அது. ஒன்று ஐம்பது. எதிர் பிளாக் குழந்தைகளுக்காக இன்னமும் வந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக இவன் தினமும் அந்த ஹாரனுக்கு எழுந்து கதவருகே போய் நின்றிருக்கிறான். கீழே படுத்திருந்த அம்மாவின் தூக்கம் கலைந்தது இதில்தான்.

காட்டில் வளர்ந்த ஓநாய்கள் அரிதாகத்தான் குரைக்குமாம். நம்மோடு வந்து சேர்ந்த பிறகுதான் நாய் இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டது. பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

உடனடியாகச் செய்தது, தீதியின் நேரத்தை மாற்றியது. காலை ஏழரைக்கு வந்துகொண்டிருந்தவரை மதியம் பன்னிரண்டு முதல் ரெண்டு வரை வரச் சொல்லி, கூடுதலாகச் சம்பளம் பேசினோம். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். செக்ரட்டரியிடம் எழுதிக் கொடுத்து ஜூன் கடைசி வரை அவகாசமும் வாங்கினேன். மே கடைசியில் தங்கமணியின் பள்ளிக்கு விடுமுறை. அந்த ஐந்து வாரம்தான் எங்களுக்கு வாய்த்த காலம். பழக்கும் நாட்களில் நாயை ஒரு நாள்கூட நீண்ட நேரம் தனியே விடக் கூடாது, விட்டால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும்.

முதலில் நாடகம். நாங்கள் கிளம்பும் அறிகுறிகளை மணி மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஷூ, சாவிக்கொத்து, டிபன் பை. சாவியை எடுத்துக்கொண்டு போய் டி.வி. முன் உட்காருவேன். ஷூவை மாட்டிக்கொண்டு பேப்பர் படிப்பேன். (விருந்தாளி வந்தால் விளக்கம் சொல்லி மாளாது.) சாவிச் சத்தத்துக்குக் காது நிமிராமல் போக ஒரு வாரம் ஆனது.

பிறகு கதவு. வெளியே போய் அரை நிமிடம். திரும்பி வருவது. ஒரு நிமிடம். ரெண்டு. ஐந்து. விதி ஒன்றுதான்: அவன் குரைக்க ஆரம்பிக்கும் முன்னால் நான் உள்ளே வந்துவிட வேண்டும். குரைத்த பிறகு வந்தால், குரைத்ததால்தான் வந்தேன் என்று ஆகிவிடும். போகும்போது கொஞ்சல் கிடையாது, வரும்போது ஆர்ப்பாட்டம் கிடையாது. காலைச் சாப்பாட்டில் பாதியைப் பழைய துண்டில் சுருட்டி மடித்து ஒளித்துக் கொடுத்தோம், கண்டுபிடித்துத் தின்ன இருபது நிமிடம் ஆகும். பாப்பாவின் பழைய டீ-ஷர்ட்டைப் படுக்கையில் போட்டோம். இருபது நிமிடத்தைத் தாண்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. தாண்டிய பிறகு அரை மணி, ஒரு மணி, ரெண்டு மணி என்று வேகமாக ஏறியது. மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்டாப் வாட்ச் பார்த்துக்கொண்டிருக்கும் பேங்க் மேனேஜரை இந்த பிளாக்கில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அந்த மாடிப்படியில்தான் இன்னொரு விஷயமும் உறைத்தது. அம்பாசமுத்திரத்தில் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா 2021-ல் தவறிய பிறகு, இங்கே வரச் சொன்னால் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பார். கிளையில் கூட்டம் நெரியும் பதினொரு மணிக்கு போன் வரும். "அந்த 15எச் ஃபாரம் எப்பப்பா குடுக்கணும்?" போன வாரம்தான் சொன்னேனே அம்மா. சில நாள் எடுத்துப் பேசுவேன். சில நாள் எரிந்து விழுவேன். பல நாள் எடுக்கவே மாட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து அழைப்பு. அம்மாவையும் நாயையும் ஒரே தட்டில் வைக்கிறானே பாவி என்று திட்டாதீர்கள். எடுத்தாலும் எடுப்பேன், எடுக்காமலும் விடுவேன் என்று இருந்தவன் நான்தான். நாய்க்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதியவன், அம்மா எதற்காகக் கூப்பிடுகிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஃபாரத்துக்காக இல்லை என்பதைக் கண்டுபிடிக்க கால்நடை டாக்டர் தேவையா?

இப்போது தினமும் காலை எட்டே நாற்பதுக்கு, அவர் கூப்பிடும் முன்னால் நான் கூப்பிடுகிறேன். பத்து நிமிடம். அந்த நேரத்தில்தான் ஷூவும் மாட்டுகிறேன். பதினொரு மணி அழைப்பு எப்போது நின்றது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. சில நாள் அது வராதா என்றுகூட இருக்கிறது.

*

ஜூலையில் பள்ளி திறந்தது. தங்கமணி ஏழு மணிக்குக் கிளம்பினார். நான் ஒன்பதேகாலுக்கு. தீதியைப் பழையபடி காலையில் வரச் சொல்லியாயிற்று. அன்று கிளையில் எனக்கு வேலையே ஓடவில்லை. வேனும் அன்றுதான் மறுபடி வர ஆரம்பிக்கும்.

ராத்திரி மொபைலைப் போட்டுக் கேட்டோம். லிஃப்ட் கதவு. துண்டை உதறும் சத்தம். நகம் தரையில் படும் டிக் டிக். ரொம்ப நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஒன்று ஐம்பதுக்கு ஹாரன். நகச் சத்தம் கதவு வரை போகிறது. ஒரே ஒரு 'வூஃப்'. கொஞ்ச நேரம் நிற்கிறான். பிறகு நகச் சத்தம் திரும்பி வருகிறது. படுக்கையில் தொப்பென்று விழும் சத்தம்.

முழுசாக நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாண சீசனில் பேண்டு வாத்தியத்தோடு பராத் ஊர்வலம் போனால் இன்றைக்கும் குரைப்பான். தீபாவளி மூன்று நாளும் குளியலறையில் ஒளிந்துகொண்டு உறுமுவான். அந்த ஊர்வலத்துக்கு நானே குரைக்கலாமா என்று பார்க்கிறேன், அவனை என்ன சொல்வது. பாப்பா லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனால் ஒரு வாரம் பழையபடி மாடிப்படியில் ஸ்டாப் வாட்ச். நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு நாள் கீழ் வீட்டு அம்மாவை லிஃப்டில் பார்த்தேன். வாக்கர் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். நலம் விசாரித்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "மனியை ஊருக்கு அனுப்பிவிட்டீர்களா? சத்தமே இல்லையே. நாங்கள் சொன்னதால்தான் அனுப்பிவிட்டீர்களோ என்று இவரிடம் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்" என்றார்.

சாயங்காலம் மணியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வாக்கரைப் பார்த்ததும் ஒரு தடவை குரைத்தான். புதுசாக ஒன்றைப் பார்த்திருக்கிறான், கேட்கிறான். நான் எதுவும் சொல்லவில்லை.

அந்த அம்மாதான் சிரித்துக்கொண்டே "போதும்" என்றார்.